எந்தக் கோபுரத்துச் சிக்னல்? 2014 மார்ச் 17 அறிவிப்பு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனையில் நின்று கைப்பேசியை எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கும். ஆனால் வந்து விழும் குறுஞ்செய்தி இலங்கைக்கு நல்வரவு சொல்லும். தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான், நடுவில் தண்ணீரும் தாழ்ந்த மணல் திட்டுகளும்தான், அலையை மறைக்க உயரமாக எதுவும் கிடையாது. கோடுகள் எத்தனை என்று பார்த்தால் சிக்னல் இருக்கிறதா என்பது தெரியும். அது எந்தக் கோபுரத்திலிருந்து வருகிறது என்பதை அந்தக் கோடுகள் சொல்லாது.

மண்டபத்தில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளைகளோடு மாதம் ஒரு ஞாயிறு உட்கார்ந்து, அறிவியலில் நடந்த ஒரு நிகழ்வை எடுத்து அலசுவது எங்கள் வழக்கம். பாடப்புத்தகத்தில் முடிவு மட்டும்தான் வரும். முடிவுக்கு வந்த பாதை வராது. அந்தப் பாதையைக் காட்டத்தான் இந்த ஞாயிறுகள். பைசெப்2 தொலைநோக்கியின் கதையை எடுத்தபோது ஒரு ஞாயிறு போதவில்லை, மூன்று தேவைப்பட்டது. அந்த மூன்று நாளில் பேசியதையும் அப்புறம் நானாக யோசித்துச் சேர்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

அறிவிப்பு வந்த நாள்

2014 மார்ச் 17. அமெரிக்காவின் ஹார்வர்ட்-ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையத்தில் பத்திரிகையாளர் கூட்டம். தென் துருவத்தில் வைத்த ஒரு சிறிய தொலைநோக்கி, பிரபஞ்சம் பிறந்த முதல் கணத்தில் எழுந்த ஈர்ப்பு அலைகளின் (விண்வெளியையே நெளியவைத்துப் பரவும் அதிர்வுகளின்) தடத்தைப் பார்த்துவிட்டது என்று ஜான் கோவாக்கும் அவருடைய குழுவினரும் அறிவித்தார்கள். உலகம் முழுக்க முதல் பக்கச் செய்தி. நோபல் பரிசு யாருக்கு என்று அன்றைக்கே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்று வெளியான ஒரு காணொளியைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். குழுவில் ஒருவரான சாவ்-லின் குவோ, ஆந்த்ரே லிண்டேயின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். பிரபஞ்சம் தொடக்கத்தில் ஒரு கணத்துக்குள் ஊதிப் பெருத்தது என்னும் வீக்கக் கோட்பாட்டை உருவாக்கியவர்களில் லிண்டே ஒருவர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதற்காக உழைத்தவர். வாசலில் அவரும் அவர் மனைவி ரெனாட்டா கல்லோஷும் நிற்கிறார்கள். ஐந்து சிக்மா, மதிப்பு 0.2 என்று (இரண்டும் என்னவென்று பின்னால் சொல்கிறேன்) குவோ சொன்னதும் கல்லோஷ் அவரைக் கட்டிக்கொள்கிறார். லிண்டே நம்ப முடியாமல் திரும்பச் சொல்லச் சொல்கிறார். அதே காணொளியில் சற்று நேரம் கழித்து, நான் ஏமாந்திருந்தால் என்ன செய்வது, அழகாக இருக்கிறது என்பதற்காகவே இதை நம்பிவிட்டால் என்ன செய்வது என்ற பொருளில் லிண்டே பேசுகிறார். பலரும் அந்தக் கட்டிப்பிடிப்பைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு நிற்பது அந்தச் சந்தேகம். வாழ்நாள் கனவு வாசலுக்கு வந்து நிற்கும் நேரத்தில் இப்படிக் கேட்க மனத்திடம் வேண்டும்.

பத்து மாதங்களில் அந்த அறிவிப்பு நிற்காமல் போயிற்று. ஏன் போயிற்று என்பதுதான் இந்த ஆய்வு.

என்னதான் தேடினார்கள்?

முதலில் ஒளி. பிரபஞ்சம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் ஆனபோது சூடு தணிந்து, எலக்ட்ரான்கள் அணுக்களுக்குள் அடங்கி, ஒளி தடையில்லாமல் பயணிக்க ஆரம்பித்தது. அந்த ஒளி இன்றும் எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. விரிந்து விரிந்து குளிர்ந்து, இன்று 2.725 கெல்வின் வெப்பநிலைக்குரிய நுண்ணலையாக இருக்கிறது. ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் ஹோம்டெல்லில் ஒரு கொம்பு வடிவ ஆன்டெனாவில் இந்த இரைச்சலைப் பிடித்து, 1965-ல் வெளியிட்டார்கள். புறா எச்சம் காரணமாக இருக்குமோ என்று ஆன்டெனாவைக் கழுவிக்கூடப் பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. அவர்கள் அந்த இரைச்சலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த 1964-ன் டிசம்பரில்தான் இங்கே தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது. இரண்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் 1964 என்றால் அந்த இரவுதான் என்பதால், பிள்ளைகள் இந்த ஆண்டை மறக்க மாட்டார்கள்.

இந்த ஒளியில் ஒரு புதிர் இருக்கிறது. வானத்தின் ஒரு கோடியிலிருந்து வருவதும் எதிர்க்கோடியிலிருந்து வருவதும் லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசம்வரை ஒரே வெப்பநிலையில் இருக்கின்றன. சாதாரணமாக விரியும் பிரபஞ்சத்தில், வானில் ஓரிரு பாகைக்கு மேல் விலகிய இரண்டு இடங்கள் அந்தக் காலத்துக்குள் ஒன்றோடொன்று தொடர்பே கொண்டிருக்க முடியாது. தொண்டியில் ஒரு வீட்டிலும் வாலிநோக்கத்தில் ஒரு வீட்டிலும், ஒருவரை ஒருவர் கேட்காமல் வைத்த குழம்பில் உப்பு லட்சத்தில் ஒரு பங்குகூடப் பிசகாமல் ஒத்துப்போனால், இரண்டும் ஒரே சட்டியிலிருந்து வந்தவை என்றுதானே நினைப்போம்? 1981 ஜனவரியில் ஆலன் கூத் வெளியிட்ட யோசனை ஏறக்குறைய அதுதான். தொடக்கத்தில் எல்லாம் ஒரு மிகச் சிறிய சட்டிக்குள் கலந்திருந்தது. பிறகு நொடியின் நினைக்க முடியாத சிறு பின்னத்துக்குள், குறைந்தது 1-க்குப் பின் 26 சுழியங்கள் போட்ட மடங்கு ஊதிப் பெருத்தது. இதைத்தான் வீக்கம் என்கிறோம். அலெக்ஸி ஸ்டாரோபின்ஸ்கி 1980-லேயே வேறு வழியில் இதே போன்ற ஒன்றை எழுதியிருந்தார். லிண்டேயும், ஆல்பிரெக்ட்டும் ஸ்டைன்ஹார்ட்டும் 1982-ல் கூத்தின் வடிவத்திலிருந்த ஓட்டையைச் சரிசெய்தார்கள்.

வீக்கம் நடந்திருந்தால் இரண்டு வகை நடுக்கங்கள் மிஞ்சியிருக்க வேண்டும். ஒன்று, அடர்த்தியில் ஏற்ற இறக்கம். பின்னாளில் விண்மீன் மண்டலங்களாக வளர்ந்தது இதுதான். இன்னொன்று, விண்வெளி தானே அதிர்ந்ததால் எழுந்த ஈர்ப்பு அலைகள். முதல் வகையை நன்றாகவே அளந்துவிட்டோம். இரண்டாவது முதலோடு ஒப்பிட எவ்வளவு என்பதைச் சொல்லும் எண்ணுக்கு ‘ஆர்’ என்று பெயர். இந்த ஆய்வு முழுக்க அந்த ஒரு எண்ணைச் சுற்றித்தான். ஆர் தெரிந்தால் வீக்கம் எந்த ஆற்றலில் நடந்தது என்பது தெரியும். 0.2 என்றால், ஜெனீவாவின் துகள் மோதி எட்டும் ஆற்றலைவிட ஏறத்தாழ லட்சம் கோடி மடங்கு. அதனால்தான் அவ்வளவு பரபரப்பு.

இடம்புரியும் வலம்புரியும்

ஈர்ப்பு அலை விட்ட தடத்தை ஒளியின் தளவிளைவில் தேடுகிறார்கள். தளவிளைவைப் பிள்ளைகளுக்குக் காட்ட பாம்பன் சாலைப் பாலம் போதும். தளவிளைவுக் கறுப்புக் கண்ணாடி ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். கண்ணாடியை நேராக வைத்துக் கடலைப் பார்த்தால் மினுக்கம் அடங்கி, அடியிலிருக்கும் பாசி தெரியும். அதையே கையில் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினால் மினுக்கம் திரும்ப வந்துவிடும். நீர்ப்பரப்பில் பட்டு வரும் ஒளி ஒரு தளத்தில் அதிகமாக அதிர்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தார்கள். ஆதிகால ஒளியில் இது நடந்த விதம் வேறு, எலக்ட்ரான்களில் பட்டுச் சிதறியதால் நடந்தது. ஆனால் அளக்கும் முறை இதேதான்: கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது.

வானத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் தளவிளைவின் திசையை ஒரு சிறு கோடாகப் போட்டால் ஒரு கோலம் கிடைக்கும். கோலத்தில் இரண்டு வகை. ‘ஈ’ வகையைக் கண்ணாடியில் பார்த்தாலும் அப்படியே இருக்கும். ‘பி’ வகை சுழன்று நிற்கும். கண்ணாடியில் பார்த்தால் எதிர்ச்சுழியாக மாறும். இதை விளக்க எங்கள் ஊரில் சங்கைவிட நல்ல பொருள் கிடையாது. மேசையில் ஓர் இடம்புரிச் சங்கை வைத்து எதிரே முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தினேன். கண்ணாடிக்குள் வலம்புரி! லட்சக்கணக்கில் ஒன்று கிடைக்கும் என்று கடலில் தேடும் வலம்புரியைக் கண்ணாடி சும்மா கொடுத்துவிட்டது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டார்கள். ஒரு திருத்தம் மட்டும் சொன்னேன்: கடலில் இடம்புரி மலிவு, வலம்புரி அரிது, வானத்தில் இரண்டு சுழியும் சரிசமமாக இருக்கும் என்றே எதிர்பார்க்கிறோம்.

அடர்த்தி நடுக்கம் மட்டும் இருந்தால் அந்த ஆதி ஒளியில் ‘ஈ’ வகைதான் வரும். அது ஒரு திசையில் அமுக்குகிறது, அவ்வளவுதான். சுழிக்க அதற்கு வழியில்லை. ஈர்ப்பு அலை ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் நெருக்குவது. அது சாய்ந்த கோணத்திலும் இழுக்கக் கூடியது என்பதால் ‘பி’ வகையையும் உண்டாக்கும். ஆகவே பெரிய கோணங்களில் ‘பி’ சுழி தெரிந்தால் அது ஈர்ப்பு அலையின் அடையாளம். நடுவழியில் வேறு யாரும் ஒளியைத் தொடாத வரை.

வேறு யாராவது தொட்டால்? விண்மீன் மண்டலங்களின் ஈர்ப்பு ஒளியை வளைப்பதால் ‘ஈ’ கொஞ்சம் ‘பி’ ஆகும். அதை 2013-ல் தென் துருவத் தொலைநோக்கி கண்டுபிடித்தது. அது சிறிய கோணங்களில் வருவது, கணக்கில் கழித்துவிடலாம். சிக்கல் அங்கே இல்லை.

கருவியும் அளவும்

பைசெப்2 பெரிய கருவி அல்ல. அதன் வாய் 26 சென்டிமீட்டர். நம் வீட்டுச் சோற்றுப் பானை வாய் அளவு. தேடும் கோலம் பாகைக் கணக்கில் பெரியது என்பதால் பெரிய தொலைநோக்கி தேவைப்படவில்லை. உள்ளே தனிச்சுழி வெப்பநிலைக்கு, அதாவது அதற்குமேல் குளிரவே முடியாத அளவுக்கு, மிக அருகில் குளிரவைத்த 512 உணரிகள், எல்லாம் 150 கிகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில். சுமார் 2,800 மீட்டர் உயரத்தில், ஈரப்பதமே இல்லாத தென் துருவக் காற்றில், 2010 முதல் 2012 வரை மூன்று ஆண்டுகள் வானத்தின் ஒரே பகுதியைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பார்த்த பரப்பு 380 சதுர பாகை. நம் பால்வீதியின் தூசி மிகக் குறைவாக ஒளிரும் இடம் என்று தேர்ந்தெடுத்த பகுதி அது.

கருவியில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஒரு பாகைப் பரப்பில் 87 நானோகெல்வின் நுணுக்கம்வரை அளந்தது. அதுவரை யாரும் அவ்வளவு கூர்மையாக வானத்தைப் பார்த்ததில்லை. கருவியே தவறான சுழியை உண்டாக்குகிறதா என்று தரவைப் பல விதமாகப் பாதி பாதியாகப் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்த்தார்கள். எல்லாச் சோதனையிலும் தேறியது. கடைசியில் ‘பி’ சுழி தெளிவாக நின்றது. அளவு ஆர் 0.20. சுழியமாக இருக்க வாய்ப்பே இல்லை என்பதற்கு ஏழு சிக்மா. தூசிக்கு ஒரு மாதிரியை வைத்துக் கழித்தாலும் ஐந்தரைக்கு மேல்.

இந்த இடத்தில் பிள்ளைகளைக் கொஞ்சம் நிறுத்தி, சிக்மா எதைச் சொல்கிறது என்று கேட்டேன். தங்கச்சிமடத்து மாணவி ஒருத்தி கையைத் தூக்கினாள்.

“கோடு எத்தனைன்னு சொல்லுது சார். கோபுரம் எதுன்னு சொல்லலை.”

இதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க முடியாது. ஏழு சிக்மா என்பது இந்தச் சுழி தற்செயலான இரைச்சல் அல்ல என்பதற்கான உறுதி. அந்த உறுதி இன்றும் அப்படியே இருக்கிறது. வானத்தில் அந்தச் சுழி உண்டு. அதை உண்டாக்கியது யார் என்பதைத்தான் அவசரமாகச் சொல்லிவிட்டார்கள்.

தூசி

பால்வீதிக்குள் விண்மீன்களுக்கு நடுவே மிக நுண்ணிய தூசித் துகள்கள் மிதக்கின்றன. சிலிக்கேட்டும் கரியும் கலந்தவை, சுமார் 20 கெல்வின் வெப்பநிலையில் இருப்பவை. உருண்டையாக இல்லாமல் நீளவாக்கில் இருக்கும். பால்வீதியின் காந்தப்புலம் அவற்றை ஒரே பக்கமாக வரிசைப்படுத்துகிறது. கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் தனுஷ்கோடிச் சாலையில் போனால் மணல் ஒரே திசையில் கோடு கோடாக ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அந்த மாதிரி. ஒரே பக்கமாக நிற்கும் துகள்கள் விடும் ஒளியும் தளவிளைவு பெற்றதாக இருக்கும். காந்தப்புலம் வளைந்து நெளிந்து போவதால் அந்த ஒளியில் ‘ஈ’யும் வரும், ‘பி’யும் வரும். சுழி வந்தாலே ஈர்ப்பு அலை என்று சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

தூசியை ஆதி ஒளியிலிருந்து பிரித்தறிய ஒரு வழி உண்டு: நிறம். அதாவது அலைவெண். ஆதி ஒளி 160 கிகாஹெர்ட்ஸ் அருகே உச்சத்தில் இருந்துவிட்டு அதற்கு மேல் குறைந்துகொண்டே போகும். தூசி அதற்கு நேர்மாறு, அலைவெண் கூடக் கூடப் பிரகாசமாகும். 353 கிகாஹெர்ட்ஸில் பார்த்தால் தூசிதான் ஆட்சி. ஆகவே ஒரே வானத்தை இரண்டு மூன்று அலைவெண்களில் பார்த்தால் எது எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். பைசெப்2-க்கு இருந்தது ஒரே ஒரு அலைவெண். அதற்கு முந்தைய பைசெப்1 கருவியின் 100 கிகாஹெர்ட்ஸ் தரவையும் ஒப்பிட்டார்கள், ஆனால் அது பலவீனமான சாட்சி.

353 கிகாஹெர்ட்ஸில் தளவிளைவைப் பார்த்தது ஐரோப்பாவின் பிளாங்க் விண்கலம், 2009-ல் ஏவப்பட்டது. அதன் தூசி வரைபடம் அப்போது இன்னும் வெளியாகவில்லை. இங்கேதான் இந்த நிகழ்வின் மிக வருத்தமான பகுதி. பிளாங்க் குழுவினர் ஒரு மாநாட்டில் காட்டிய திரைக்காட்சிப் படம் இணையத்தில் கிடந்தது. பைசெப்2 குழு அந்தப் படத்தின் நிறங்களை எண்களாக மாற்றி, தங்கள் ஆறு தூசி மாதிரிகளில் ஒன்றுக்கு அடிப்படையாக வைத்துக்கொண்டது. அந்தப் படத்திலோ தூசியோடு தொலைதூர விண்மீன் மண்டலங்களின் அகச்சிவப்பு ஒளியும் கலந்திருந்தது. அந்த ஒளிக்குத் தளவிளைவு கிடையாது. அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் தூசியின் தளவிளைவு உண்மையைவிடக் குறைவாகத் தோன்றும். ராஃபேல் ஃப்ளாகர், ஜே. காலின் ஹில், டேவிட் ஸ்பெர்கல் மூவரும் 2014 மே மாதத்தில் இதை எடுத்துச் சொன்னார்கள். அதே நேரத்தில் மார்டன்சனும் செல்ஜாக்கும் தனியாகக் கணக்குப் போட்டு, தூசி மட்டுமே இந்தச் சிக்னலைத் தந்திருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் ஏற்கெனவே இருந்தது. பிளாங்க் 2013-ல் வெப்பநிலைத் தரவை மட்டும் வைத்து ஆர் 0.11-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. 0.20 அதோடு ஒட்டவில்லை. இரண்டில் ஒன்று தவறு, அல்லது கோட்பாட்டில் புதிதாக ஏதோ வேண்டும். அன்றைய மகிழ்ச்சியில் பலர் இரண்டாவதைத்தான் தேடப் போனார்கள்.

ஜூன் 19-ல் கட்டுரை ஆய்விதழில் வந்தபோது குழு தன் சொல்லைத் தணித்துக்கொண்டது: பொதுவில் கிடைக்கும் தரவை வைத்து, மொத்தச் சிக்னலும் தூசியாக இருக்கும் சாத்தியத்தை ஒதுக்க முடியவில்லை என்று எழுதினார்கள். அந்தத் திரைக்காட்சி மாதிரியையும் எடுத்துவிட்டார்கள். செப்டம்பரில் பிளாங்க் தன் வரைபடத்தை வெளியிட்டது. பைசெப்2 பார்த்த அந்தச் சுத்தமான பகுதியிலேயே, தூசியின் சுழி பைசெப்2 கண்ட சுழியின் அளவுக்குச் சமமாக இருந்தது. தூசி குறைவாக ஒளிரும் இடத்தில் தளவிளைவும் குறைவாக இருக்கும் என்று நம்பியது தவறு என்று தெரிந்தது. அப்புறம் இரண்டு குழுக்களும் போட்டியை ஒதுக்கிவைத்துவிட்டு, தரவை ஒன்றாகப் போட்டு ஆராய்ந்தன. 2015 பிப்ரவரித் தொடக்கத்தில் வந்த கூட்டு முடிவில் தூசி ஐந்து சிக்மாவுக்கு மேல் உறுதியானது. விண்மீன் மண்டலங்களின் ஈர்ப்பு ஒளியை வளைத்ததால் வந்த பங்கு ஏழு சிக்மா. ஆதி ஈர்ப்பு அலைக்கு மிஞ்சியது ஒரு மேல்வரம்பு மட்டும்: ஆர் 0.12-க்குக் கீழ்.

யாரும் பொய் சொல்லவில்லை என்பதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொன்னேன். தரவை மறைக்கவில்லை, எண்ணைத் திருத்தவில்லை. அந்தக் கூட்டு ஆய்வுக்குத் தங்கள் தரவைக் கொடுத்ததும் அதே குழுதான். என் தீர்ப்பு இது: சுழியைப் பார்த்தோம் என்று மட்டும் அன்று அறிவித்திருந்தால், அது இன்றைக்கும் நிற்கும் ஒரு பெரிய சாதனையாக இருந்திருக்கும். ஒரு அலைவெண்ணை வைத்துக்கொண்டு அதற்குப் பெயர் சூட்டியதுதான் பிழை. பிளாங்க் குழு முந்திவிடுமோ என்ற பதற்றம் அந்தப் பிழையை எளிதாக்கியது.

வேதாளைப் பெரியவர்

மூன்றாவது ஞாயிறு அந்த மாணவி தன் தாத்தாவைக் கூட்டிவந்தாள். வேதாளைக்காரர். மன்னார் வளைகுடாவில் பல வருடம் சங்கு குளித்தவர். பின்வரிசையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் எழுந்தார்.

“வாத்தியாரே, நீங்க சொல்றது கலங்கல் தண்ணி கதைதான்.”

“எப்படிங்கய்யா?”

“கச்சான் அடிச்ச நாலு நாளைக்கு இறங்கினா கீழே சரியாத் தெரியாது. சங்கு மணலுக்குள்ள புதைஞ்சு முதுகு மட்டும் காட்டும். கலங்கல்ல வெள்ளையா ஏதாச்சும் மினுக்கினாலே சங்குன்னு தோணும். கையை விட்டா ஓட்டாஞ்சிப்பி.”

“அப்ப என்ன செய்வீங்க?”

“என்ன கலங்கல்னு பாப்போம். சேத்துக் கலங்கல் ஒரு நிறம், பாசிக் கலங்கல் ஒரு நிறம். எது எவ்வளவு மறைக்கும்னு பழகினவனுக்குத் தெரியும். அது பிடிபடலைன்னா அன்னைக்கு இறங்கறதில்லை.”

மாணவி உடனே, “தாத்தா, அவங்களுக்கு ஒரு நிறம்தான் தெரிஞ்சுது” என்றாள். அவர் தலையாட்டினார். “அப்ப இறங்கியிருக்கக் கூடாது” என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லவில்லை. “இறங்கினது சரி. மேலே வந்து என்ன சொன்னாங்கங்கறதுதான் விஷயம்” என்றார். நான் இரண்டு ஞாயிறு பேசியதை அவர் ஒரு வாக்கியத்தில் நேராக்கிக் கொடுத்தார்.

கலங்கல் என்ற அவருடைய சொல்லை அன்றிலிருந்து எடுத்துக்கொண்டேன். தமிழில் இந்தத் துறைக்கு எழுதும்போது முன்புல உமிழ்வு, முன்புல மாசு என்றெல்லாம் போடுகிறோம். கலங்கல் என்றால் எங்கள் கரையில் யாருக்கும் விளங்கும்.

அப்புறம் நடந்தது

குழு கருவியை மூட்டை கட்டவில்லை. அதே தென் துருவத்தில் கெக் வரிசையையும் பைசெப்3-யையும் வைத்து, 95, 150, 220 கிகாஹெர்ட்ஸ் என்று மூன்று நிறங்களில் பார்க்க ஆரம்பித்தார்கள். 2016-ல் மேல்வரம்பு 0.07-க்கு இறங்கியது. 2018 வரையிலான தரவை பிளாங்க், அதற்கு முந்தைய அமெரிக்க விண்கலமான டபிள்யூமேப் ஆகியவற்றின் தரவுகளோடு சேர்த்து 2021-ல் வெளியிட்ட முடிவில் 0.036. ஒரு காலத்தில் புத்தகங்களில் முதலில் சொல்லித்தரப்பட்ட எளிய வீக்க மாதிரிகள், ஆர் 0.13 அளவில் இருக்கும் என்றவை, இந்த வரம்பில் அடிபட்டுப் போயின. ஒரு கோட்பாட்டை இப்படி எண்ணால் வெட்டி எறிய முடிவது சின்ன விஷயம் அல்ல. 2014-ல் தவறு செய்த அதே குழுதான் இதைச் செய்திருக்கிறது என்பதை அந்தப் பத்திரிகையாளர் கூட்டத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு யாரும் பேசுவதில்லை. எனக்கு அதில் ஆதங்கம் உண்டு.

சரி, அப்படியானால் வீக்கத்துக்கு ஆதாரமே இல்லையா? இந்தக் கேள்வி எல்லா வகுப்பிலும் வரும். இருக்கிறது. அடர்த்தி நடுக்கம் எல்லா அளவிலும் கிட்டத்தட்ட ஒரே பலத்தில் இருக்க வேண்டும், ஆனால் சரியாக ஒரே பலத்தில் இருக்கக் கூடாது, பெரிய அளவில் சற்றுக் கூடுதல் என்று எளிய வீக்க மாதிரிகள் சொல்லின. பிளாங்க் அளந்தது 0.965, சரிசமம் என்றால் 1 வந்திருக்கும். விண்வெளி தட்டையாக இருக்க வேண்டும். அளவுப் பிழைக்குள் தட்டையாகவே இருக்கிறது. அந்தக் காலத்தில் தொடர்பே கொண்டிருக்க முடியாத தூரங்களுக்கு நடுவே வெப்பநிலையும் தளவிளைவும் ஒன்றுக்கொன்று தொடர்போடு ஏறி இறங்குகின்றன; டபிள்யூமேப் இதை 2003-ல் பார்த்தது. இவை எல்லாம் வீக்கத்தோடு பொருந்துகின்றன. பொருந்துவது வேறு, கையும் களவுமாகப் பிடிப்பது வேறு. அந்த இரண்டாவதைத்தான் ஈர்ப்பு அலை தரும் என்று காத்திருக்கிறோம்.

இன்னொரு மாணவன், “ஈர்ப்பு அலையைத்தான் லைகோ கண்டுபிடிச்சிடுச்சே சார்” என்றான். நல்ல கேள்வி, பெரியவர்களும் குழம்பும் இடம். 2015 செப்டம்பர் 14-ல் அமெரிக்காவிலுள்ள லைகோ ஆய்வகம் பிடித்தது இரண்டு கருந்துளைகள் மோதி எழுந்த அலை, நொடிக்குப் பல பத்துத் தடவை அதிர்ந்தது. 2023-ல் துடிப்பு விண்மீன்களை வைத்துப் பல குழுக்கள் கண்ட மெதுவான அதிர்வுக்கு ஆண்டுக்கணக்கில் ஒரு அலை. பெரிய கருந்துளை இணைகள் காரணமாக இருக்கும் என்பது பரவலான கருத்து. அந்த வேலையில் புனே அருகே உள்ள பெரிய மீட்டரலைத் தொலைநோக்கியைப் பயன்படுத்தும் இந்தியக் குழுவும் பங்கேற்றது. பைசெப் தேடும் அலையின் நீளமோ நூறு கோடி ஒளியாண்டுக் கணக்கில். எல்லாம் கடல் அலைதான் என்றாலும், கரையில் வந்து உடையும் அலையும் பௌர்ணமி ஏற்றமும் ஒன்றாகிவிடுமா?

இப்போது சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் சைமன்ஸ் ஆய்வகம் பல நிறங்களில் வானத்தைப் பார்க்கிறது. ஜப்பான் தலைமையில் லைட்பேர்ட் என்ற விண்கலம் திட்டத்தில் இருக்கிறது, ஆரை 0.001 அளவு நுணுக்கத்தில் பார்ப்பது அதன் குறி. ஸ்டாரோபின்ஸ்கியின் பழைய மாதிரி சொல்லும் ஆர் சுமார் 0.003 முதல் 0.004. ஆக, அந்த மாதிரி சரியா என்பது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது.

“இல்லேன்னா சார்?” என்றாள் தங்கச்சிமடத்துப் பெண். “அங்கேயும் ஒண்ணும் இல்லேன்னா?”

இல்லையென்றால் ஸ்டாரோபின்ஸ்கி மாதிரியும் அதன் உறவுகளும் போகும். வீக்கம் மொத்தமாகப் போகாது. குறைந்த ஆற்றலில் நடந்த வீக்கம் என்று எழுதிவைத்த மாதிரிகள் இன்னும் மிஞ்சியிருக்கும். அவற்றில் ஆர் எந்தக் கருவிக்கும் எட்டாத அளவு சிறியது. அந்தக் கோட்பாட்டை 1982-ல் வளர்த்தவர்களில் ஒருவரான பால் ஸ்டைன்ஹார்ட்டே பிற்காலத்தில் அதன் கடுமையான விமர்சகரானது இதனால்தான்: எந்த விடை வந்தாலும் பொருந்திப்போகும் கோட்பாட்டை எப்படிச் சோதிப்பது என்று கேட்கிறார். கூத்தும் லிண்டேயும் அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு மாதிரியும் தனித்தனியாகச் சோதிக்கத்தக்கது, அதற்கு 0.036-ல் வெட்டுப்பட்டவையே சாட்சி என்பது அந்தப் பக்கத்து வாதம். எனக்கு இரண்டாவது பக்கம் கொஞ்சம் கூடுதல் நியாயமாகப் படுகிறது. மாணவிக்கு முதல் பக்கம். அடுத்த மாத ஞாயிறுக்கு அதை எடுத்துக்கொண்டிருக்கிறோம், தாத்தாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.